மற்றவை

பிள்ளைக்காம்பராவின் பின்கதவைத் திறந்தால்
ஒரு பீலிக்கரை, ஒரு முள்கம்பி, அப்புறம் காடு.
மஸ்கெலியாவில் எங்கள் தோட்டம் அங்கே முடிகிறது.
கம்பிக்கு அந்தப் பக்கம், இரண்டு ஆள் உயரத்தில்,
கெஹிபெல்லா கூடு கட்டியிருந்தது.

தமிழில் அதற்குப் பெயர் இருக்கலாம்.
எங்கள் லயத்தில் இல்லை.
மேட்டு லயத்துப் பன்னீர் 'கரண்டுக் குருவி' என்பான்.
அப்படியொரு நீலத்தை அவன் பார்த்தது
வெல்டிங் நெருப்பில் மட்டும்தானாம்.
தலையும் சிறகும் சாயம் பிடித்த தேத்தண்ணிக் கோப்பை.
அலகு, கால், கண்ணைச் சுற்றிய வட்டம்,
மூன்றும் வெற்றிலை போட்ட சிவப்பு.
வால் நீளம், நுனியில் வெள்ளை.
அதைச் சுமந்துகொண்டு பறக்கச் சோம்பல்;
மரத்துக்கு மரம் தத்தும்.

ஜனவரியில் தருஷி வந்தாள், பேராதனையில் படிப்பவள்.
ஒரு கொப்பி, ஒரு பென்சில்.
பிள்ளைகள் தூங்கும் ஒன்றிலிருந்து மூன்று மணிவரை
கூட்டுக்கு வருகிறதுக்கெல்லாம் நான் புள்ளடி போட வேண்டும்.
மூன்று கட்டம்: தாய். தகப்பன். மற்றவை.
தாயின் காலில் மஞ்சள் வளையம், தகப்பனுக்குப் பச்சை,
அவளே வலை போட்டுப் பிடித்து மாட்டியது.
மற்றவைக்கு ஒன்றும் இல்லை.

முதல் இரண்டு கிழமை சுலபம்.
அடைகாப்பது மஞ்சள் மட்டும்.
கூடு சின்னக் கிண்ணம், உள்ளே தாடிப்பாசி மெத்தை.
உட்கார்ந்தால் வாலை எங்கே வைப்பது?
செங்குத்தாய் நிறுத்திக்கொள்ளும்.
மூடுபனி இறங்கிய பிறகும் தெரியும்
தொப்பலாய் நனைந்த ஒரு நீலக் கோடு.

குஞ்சு பொரித்ததும் கணக்குக் குழம்பியது.
மஞ்சள் வந்தது, பச்சை வந்தது, பின்னாலேயே
வெறுங்காலோடு ஒன்று மரத்தவளை கொண்டுவந்தது.
இன்னொன்று, கம்பளிப்புழு.

கம்பளிப்புழுவை எனக்குத் தெரியும்.
கொழுந்தெடுத்த ஒன்பது வருஷத்தில்
எத்தனை தடவை கழுத்து வீங்கி
அரைப்பேரோடு திரும்பியிருக்கிறேன்.
அந்தக் குருவி என்ன செய்தது தெரியுமா,
பாசி பிடித்த கிளையில் வைத்துத் தேய்த்தது.
திருப்பிப் போட்டுத் தேய்த்தது,
சட்டிக்கரி போக்குகிறவள் மாதிரி,
மயிரெல்லாம் உதிர்ந்து புழு வெறும் சதையாகும்வரை.
அப்புறம்தான் திறந்த வாய்க்குள் வைத்தது.
பெற்றது அது இல்லை.

ஒன்று மட்டும் கள்ளன்.
ஓணானோடு வரும், குஞ்சுக்குக் காட்டும்,
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தானே விழுங்கும்.
அதற்கும் புள்ளடி போட்டேன்.
வந்தது வந்ததுதானே.

பெப்ரவரி பத்தொன்பதுக்குப் பிறகு
மஞ்சள் வரவில்லை.
பாம்போ, மரநாயோ, யார் கண்டது.
அன்று முழுக்க காட்டுக்குள் கரகரவென்று ஒரே கத்தல்,
தூங்கிய பிள்ளைகள் எழும்பிவிட்டன.
இனிக் கூட்டைக் கைவிட்டுவிடும் என்றுதான் நினைத்தேன்.
மறுநாள் ஒன்றேகாலுக்கு
சாவிக்கொத்தை உதறுகிற சத்தத்தோடு
மிச்ச நாலும் வந்தன.
கள்ளன் அன்று கொடுத்துவிட்டுப் போனது
என்று எழுத ஆசைதான்.
இல்லை. அன்றும் விழுங்கியது.
ஆனால் போகவில்லை; கூட்டு விளிம்பில் நின்று
எச்சத்தைக் கொத்தித் துப்புரவாக்கியது.

நாலரைக்கு என் ரெஜிஸ்டரைத் திறப்பேன்.
அதில் ஒரே கட்டம்: கூட்டிப்போகிறவர்.
யதுர்ஷனுக்கு அவன் சித்தி, கையில் கறையோடு.
ஷஸ்மிதாவுக்குப் பக்கத்துக் காம்பரா ராமேஸ்வரி;
சீட்டுக்காசுச் சண்டையில்
அந்த வீட்டோடு ஒரு வருஷமாய்ப் பேச்சில்லை.
கையெழுத்துப் போட்டுவிட்டு
பிள்ளையின் மூக்கைத் தன் கொங்காணியில் துடைத்து
இடுப்பில் ஏற்றிக்கொண்டு போவாள்.

மார்ச்சில், மலைக்குப் போகிற பஸ்களின் ஹோர்னுக்கு நடுவில்,
மூன்று குஞ்சும் கிளைக்கு வந்தன,
கட்டை வாலும் மங்கல் நீலமுமாய்.

தருஷி கொப்பியைப் புரட்டினாள்.
முதல் கட்டத்தில் பாதிப் பக்கத்துக்கு மேல் வெறுமை.
மூன்றாவதில் புள்ளடி நிறைந்து
கோட்டைத் தாண்டியிருந்தது.
"ஓரத்திலும் போட்டிருக்கிறீர்களே, அக்கா."

இடம் போதவில்லை, என்றேன்.